உப்புக்காற்றில் வாஷிங் மெஷின்: சாஃப்ட்னர் வாங்கலாமா, இடத்தை மாற்றலாமா?

முத்துநகர்_மாடி:

எல்லாருக்கும் வணக்கம். வீடு தூத்துக்குடியில், பீச் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். ஃப்ரன்ட் லோடு மெஷின், 7 கிலோ, வாங்கி நாலு வருஷம் முடியப் போகிறது. மாடியில் கிழக்குப் பார்த்த பால்கனியில், இரும்பு ஸ்டாண்டு மேல் நிற்கிறது. இப்போது மூன்று பிரச்சினை. ஒன்று, பின்பக்கத் தகடு அடியிலிருந்து துருவேறி, விரல் பட்டாலே ஏடு ஏடாக உதிர்கிறது. இரண்டு, துணி பிழியும்போது கடகடவென்று சத்தம், போன மாதத்தை விட இப்போது அதிகம். மூன்று, ஈரக்கையோடு கதவுப் பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, எப்போதாவதுதான்.

சர்வீஸுக்கு வந்த பையன், "போர் தண்ணிதான் சார் எல்லாத்துக்கும் காரணம், வாட்டர் சாஃப்ட்னர் போடுங்க" என்று, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் அந்தக் கருவியின் ரேட் கார்டை நீட்டினார். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுக் காட்டினார், 2,400 வந்தது. மாநகராட்சித் தண்ணீரும் வருகிறது, ஆனால் அதைக் குடிக்க, சமைக்க மட்டும்தான் எடுக்கிறோம். சாஃப்ட்னர் போட்டால் மெஷின் பிழைக்குமா, இல்லை காசு தண்டமா?

ஈசிஆர்_ரெண்டாம்தளம்:

2,400ஆ? யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். நாங்கள் கொட்டிவாக்கம். சாஃப்ட்னர் மாட்டிய பிறகு வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வெளியே வருகிறது, சோப்புத்தூளும் முன்னை விடக் குறைவாகத்தான் ஆகிறது. மெஷின் ஆறு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது.

டெஸ்டர்_கையில்:

சாஃப்ட்னர் கதையை அப்புறம் பேசலாம் தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். "எப்போதாவதுதான்" என்று மூன்றாவதாகப் போட்டிருக்கிறீர்களே, அதுதான் முதலாவது.

நான் திருச்செந்தூர் பக்கம் ரிப்பேர் தொழிலில் இருப்பவன். மெஷினுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் நாய்ஸ் ஃபில்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் உள்ள கப்பாசிட்டர்கள் துளியளவு கரண்டைப் பாடி வழியாக எர்த்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான். வீட்டு எர்த் சரியாக இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் அறுந்து போயிருந்தால் பாடியில் மெயின் வோல்டேஜில் பாதி, சுமார் 115 வோல்ட், நிற்கும். கரண்ட் கொஞ்சம்தான் என்பதால் சுருக்கென்பதோடு விட்டுவிடுகிறது. அதாவது உங்கள் சுருக் சொல்லும் சேதி, பால்கனி பிளக்கில் எர்த் இல்லை என்பது. நாளைக்கு ஹீட்டரோ மோட்டாரோ நிஜமாகவே கசிந்தால் கரண்டுக்குப் போக வழி உங்கள் உடம்புதான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அப்படியே அந்தத் தண்ணீரை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் ரிப்போர்ட் தருவார்கள். அதில் சுண்ணாம்பைச் சொல்லும் கடினத்தன்மை, உப்பைச் சொல்லும் குளோரைடு இரண்டு வரியும் எனக்கு வேண்டும். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் மொத்தமாகத்தான் சொல்லும். சுண்ணாம்பா, உப்பா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

வடமராட்சி_கிணறு:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்கட பக்கம் நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணி வாயில் கரிக்காது, ஆனால் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படை பிடிக்கும். உடுப்புத் தோய்க்கிற மெசினைத் திருத்த வந்தவர் ஹீற்றரைக் கழற்றிக் காட்டினவர். கம்பியே தெரியவில்லை, அவ்வளவு தடிப்பாகச் சுண்ணாம்பு மூடிக் கிடந்தது. பச்சைத் தண்ணியில் தோய்க்கத் தொடங்கின பிறகு அந்தக் கரைச்சல் குறைஞ்சிட்டுது. சிற்றிக் அசிற் போட்டு வெறும் மெசினை இடைக்கிடை ஓட விடுவம். கறள், நீங்கள் சொல்லுற துரு, எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை, மெசின் வீட்டுக்கு உள்ளே இருக்கிறதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முத்துநகர்_மாடி:

டெஸ்டர் அண்ணாச்சி, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். நீங்கள் சொன்னதேதான். வாசல் பக்கம் புதைத்த எர்த் பைப்பில் கம்பி முடுக்கிய போல்ட் இருந்த இடத்தில் துருக்கட்டிதான் இருக்கிறது, கம்பி தனியாக ஆடுகிறது. புது எர்த் போடச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு லூப் அடித்துத் தரட்டுமா என்று கேட்டார். சரியா?

தண்ணீர் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. டிடிஎஸ் 2,400. மொத்தக் கடினத்தன்மை 420. குளோரைடு 1,150. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

வயர்மேன்_காயல்:

லூப் அடிக்க விடவே விடாதீர்கள்! நான் ஒயரிங் வேலை பார்க்கிறவன், இந்த வழக்கத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். போஸ்ட்டிலிருந்து வரும் நியூட்ரல் எங்காவது ஒரு ஜாயின்ட்டில் விட்டுப்போனால், வீட்டில் ஓடும் பல்பு, ஃபேன் வழியாக 230 வோல்ட்டும் அந்த லூப்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் மெஷின் பாடிக்கு வந்து நிற்கும். சுவிட்சை அணைத்தாலும் போகாது. கடலோரத்தில் ஜாயின்ட் விட்டுப்போவது அபூர்வமா என்ன? பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருக்கும் செம்புக் கம்பியை நான் வாரத்துக்கு வாரம் வெட்டி எறிகிறேன்.

எர்த் வரும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம், கையால் துவையுங்கள். எர்த் போட்டதும், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மாட்டுங்கள். மாட்டிய பிறகு அது எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். வெந்நீர் வாஷில் மட்டும் விழுந்தால் ஹீட்டர். ஹீட்டர் குழாய்க்குள் அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது, முனையில் சீல் போனால் ரொம்ப நாள் ஓடாத மெஷினில் இப்படி ஆகும். பச்சைத் தண்ணீரிலும் விழுந்தால் மோட்டார், பம்ப், ஒயர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். விழுகிறதே என்று ஆர்சிசிபியைக் கழற்றிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

டெஸ்டர்_கையில்:

வயர்மேன் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. தண்ணீருக்கு வருகிறேன்.

குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் கடினத்தன்மைக்கு 200, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. உங்களுடையது 420, நடுவில் நிற்கிறது. குளோரைடுக்கு 250, வேறு வழியில்லாவிட்டால் 1,000. உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. உங்கள் போரில் கடல் ஏறியிருக்கிறது தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர் சொல்கிற சுண்ணாம்புத் தொந்தரவு வேறு, உங்கள் தொந்தரவு வேறு. மீட்டரில் இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தாலும் வரும்.

சாஃப்ட்னர் என்ன செய்கிறது? உள்ளே இருக்கிற ரெசின் மணிகள் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. துணிக்கு நல்லது, சோப்புக்கு நல்லது, ஹீட்டருக்கு நல்லது. ஆனால் குளோரைடை அது தொடுவதே இல்லை. உள்ளே போன 1,150 அப்படியே வெளியே வரும். மாட்டிய பிறகு டிடிஎஸ் வைத்துப் பாருங்கள், எண் கிட்டத்தட்ட அதேதான் இருக்கும். தகட்டைத் தின்பது, அலுமினியத்தைத் தின்பது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூடக் குத்துக் குத்தாகப் புள்ளி விழ வைப்பது இந்தக் குளோரைடுதான். அந்தப் பையன் பொய் சொன்னான் என்று சொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

இன்னொன்று, தகடு துருப்பிடித்தது வெளியே. போர் தண்ணீர் ஓடுவது உள்ளே, டிரம்மைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் டப்பில். வெளியே வந்த துருவுக்கு உள்ளே ஓடும் தண்ணீரை எப்படிக் குற்றம் சொல்வது? அது கிழக்குக் காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். நம் ஊரில் ராத்திரியெல்லாம் அந்தக் கணக்குதான். மழையே வேண்டாம், தகடு தினமும் உப்புத் தண்ணீரில் நனைகிறது. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டின் கனெக்டரிலும் இதே கதைதான்.

ஈசிஆர்_ரெண்டாம்தளம்:

அப்படியென்றால் எங்கள் மெஷின் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?

டெஸ்டர்_கையில்:

மெஷின் எங்கே இருக்கிறது?

ஈசிஆர்_ரெண்டாம்தளம்:

கிச்சனை ஒட்டின உள்ரூமில். கடல் பக்கம் ஜன்னல் கிடையாது... சரி, புரிகிறது. ஆனாலும் சட்டை வெள்ளையாக வருவதற்குச் சாஃப்ட்னர்தான் காரணம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டெஸ்டர்_கையில்:

விட்டுக்கொடுக்க வேண்டாம், அது உண்மைதானே. சட்டைக்கு வாங்கினால் தப்பில்லை. துருவுக்கு மருந்து என்று வாங்கினால்தான் ஏமாற்றம்.

அலை_அக்கா:

நாகப்பட்டினத்திலிருந்து. எங்கள் வீட்டில் அப்பாவும் தம்பியும் போட்டில் போகிறவர்கள். அவர்கள் துணியை நேராக மெஷினில் போட எங்கள் அம்மா விடவே மாட்டார்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசி, மணல் அடியில் தங்கியதும், பிழிந்துதான் போட வேண்டும். முதலில் எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆட்டோமேட்டிக் வாங்கி என்ன பிரயோசனம் என்று.

ஒரு தடவை தண்ணீர் வெளியேறாமல் மெஷின் நின்றுவிட்டது. முன்னால் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து டிரெய்ன் பம்ப் ஃபில்டரைச் சுழற்றி எடுத்தால், ஒரு கைப்பிடி மணல், மீன் செதில், ஒரு சட்டைப் பொத்தான், கூடவே தங்கூசி, அதாவது மீன் பிடிக்கும் நைலான் நரம்பு. அந்தத் தங்கூசி பம்ப்பின் இறக்கையில் சுற்றி, உருகி ஒட்டின மாதிரி இறுகிக் கிடந்தது. பிளேடால் ஒவ்வொரு சுற்றாக அறுத்துத்தான் எடுத்தேன். அதிலிருந்து லுங்கி மடிப்பு, பேன்ட் பை எல்லாம் உதறாமல் ஒன்றும் உள்ளே போகாது. மூடியைத் திறக்கும் முன் பக்கத்தில் இருக்கும் சின்ன ரப்பர் குழாயில் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுக்க வெள்ளம்.

கதவு ரப்பர் மடிப்பில் கறுப்பு பிடிக்கிறதே, அதற்கு ப்ளீச் ஊற்றலாமா என்று எனக்கும் ஒரு கேள்வி.

டெஸ்டர்_கையில்:

உங்கள் அம்மாவுக்கு என் கும்பிடு. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டு மெஷினைப் பிரித்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில் சோப்புக் கசண்டோடு சேர்ந்து உப்புப் படிந்து கிடக்கும். பேன்ட் முழங்காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்போதே அதை அப்படியே உள்ளே தள்ளுவார்கள். ஒரு வாளி அலசல் போதும், பாதி உப்பு அதிலேயே போய்விடும்.

ப்ளீச் கேள்விக்கு: ரப்பர் மடிப்பைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைக்கலாம், உடனே நல்ல தண்ணீரில் துடைத்துவிட வேண்டும். மாதாமாதம் டிரம்மில் ஊற்றி ஓட்டாதீர்கள். ஏற்கனவே உப்புத் தண்ணீர், அதன் மேல் ப்ளீச்சும் சேர்ந்தால் ஸ்டீல் தாங்காது. ப்ளீச்சையும் சிட்ரிக் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துப் போடக் கூடாது, குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றின வீட்டையும் பார்த்திருக்கிறேன். அந்த மெஷினைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சிட்ரிக் ஆசிட் சுண்ணாம்புக்குத்தான். வடமராட்சிக்காரருக்கு அது தேவை. முத்துநகருக்கு எப்போதாவது போதும், அடிக்கடி போட்டால் அலுமினியப் பாகங்களுக்குக் கெடுதல்தான். கறுப்புப் பிடிப்பதற்குப் பெரிய காரணம் சோப்பு அதிகம் போடுவதும், துவைத்து முடித்ததும் கதவைச் சாத்துவதும். கதவைத் திறந்தே போடுங்கள், சோப்பு டப்பாவையும் வெளியே இழுத்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டும் கதவில் கவனமாக இருக்க வேண்டும்.

முத்துநகர்_மாடி:

எர்த் புதிதாகப் போட்டாயிற்று, ஆர்சிசிபியும் மாட்டியாயிற்று, சுருக் நின்றுவிட்டது. சத்தத்துக்காகத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். மெஷினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் தூக்கச் சொன்னார். டப்பு அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஆடுகிறது. பேரிங் போயிற்று என்றார். பிரித்துப் பார்த்தால் பேரிங் மட்டும் இல்லை. டிரம்மின் பின்னால் மூன்று கை உள்ள ஒரு பாகம், ஸ்பைடர் என்கிறார்கள், அதன் ஒரு கையில் சாம்பல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் உதிர்கிறது, உள்ளே குழி. மற்ற இரண்டு கை பார்க்கச் சுமாராக இருக்கிறது. பேரிங், ஆயில் சீல் மட்டும் மாற்றிப் பூட்டித் தரவா என்று கேட்கிறார்.

டெஸ்டர்_கையில்:

வேண்டாம். ஸ்பைடரையும் மாற்றாமல் பூட்டக் கூடாது. டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்பைடர் அலுமினியக் கலவை வார்ப்பு. இரண்டு உலோகத்தை ஒன்றாக முடுக்கி உப்புத் தண்ணீரில் வைத்தால் எளிதில் வினைபுரியும் உலோகம்தான் முதலில் கரையும், இங்கே அது அலுமினியம். பிழியும்போது டிரம் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு கை முறிந்தால் டிரம் டப்பைக் கிழிக்கும், பிறகு மெஷினே இல்லை. உங்கள் மாடலுக்கு ஸ்பைடர் தனியாகக் கிடைக்கிறதா, டிரம்மோடு சேர்த்துத்தான் வருமா என்று கேளுங்கள். சில மெஷினில் பிளாஸ்டிக் டப்பின் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியே விட்டிருப்பார்கள், அதில் பேரிங் மாற்றவே டப்பு முழுதும் வாங்க வேண்டும். உங்களுடையது ஸ்க்ரூ போட்ட டப்பாக இருப்பதால்தான் அவர் பிரிக்க முடிந்தது, அந்த வகையில் நல்லது. புதிதாக வாங்குகிறவர்களும் கடையில் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்பவருக்குத் தெரியாது, சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும்.

பூட்டிய பிறகு பால்கனிக்குத் திரும்ப வேண்டாம். சாஃப்ட்னருக்கு வைத்திருந்த காசில் வீட்டுக்குள் ஒரு பைப், ஒரு டிரெய்ன், ஒரு பிளக் பாயின்ட் போட்டுவிடலாம். தரையிலிருந்து நாலு அங்குலம் சிமென்ட் மேடை கட்டி நேராக அதன் மேல் வையுங்கள், இரும்பு ஸ்டாண்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். துரு ஏறிய இடத்தை எமரி தாளில் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் பெயின்ட். உப்பைத் துடைக்காமல் பெயின்ட் அடித்தால் உள்ளேயே அரித்துக்கொண்டு போகும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி வாசலின் தடவி முடுக்குங்கள், அடுத்த தடவை பிரிக்க வருகிறவன் உங்களை வாழ்த்துவான்.

தண்ணீருக்கு இன்னொரு வழி. ஃப்ரன்ட் லோடு ஒரு தடவைக்கு 50, 60 லிட்டர்தான் குடிக்கும். மொட்டை மாடியில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வைத்து, மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் அதை நிரப்பி, மெஷினுக்கு மட்டும் தனி பைப் விடுங்கள். மூன்று ஈடு துணி துவைக்கலாம். டிரம்மின் உயரத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று மீட்டர் உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும், உங்கள் மெஷினுக்கு எவ்வளவு வேண்டும் என்று மேனுவலில் போட்டிருக்கும். போதாவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று எரர் காட்டி நிற்கும். தண்ணீர் உள்ளே நுழையும் இன்லெட் வால்வின் வாயில் உள்ள சல்லடையில் மணல் அடைத்தாலும் அதே எரர்தான், போர்டு போச்சு என்று பயந்து காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

உப்பளக்காற்று:

போர்டு பற்றி ஒன்று. போர்டில் ரெசின் ஊற்றி மூடியிருப்பதால் கவலை இல்லை என்று ஷோரூமில் சொன்னார்களே?

டெஸ்டர்_கையில்:

ரெசின் போர்டைக் காக்கும், கனெக்டரைக் காக்காது. ஒயர் வந்து சொருகும் பின்னில்தான் பச்சை பிடிக்கும். எனக்கு வரும் "போர்டு போச்சு" கேஸில் கணிசமானவை கான்டாக்ட் கிளீனர் அடித்து இரண்டு தடவை கழற்றிச் சொருகினால் ஓடிவிடும். பிளாஸ்டிக் கவரைத் தரை வரைக்கும் இழுத்து ஜிப் போட்டு வைப்பதும் இதற்கு ஒரு காரணம். ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. துணிக் கவர் போடுங்கள், மேலும் முன்னும் மட்டும் மூடினால் போதும்.

வயர்மேன்_காயல்:

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் வடிந்த மறுநாளே "ஓடுதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போட்டவர்கள் மெஷின்தான் அதிகம் போனது. சேறோடு நனைந்த மெஷினை மெயின் அணைத்த நிலையிலேயே நல்ல தண்ணீரில் அலசி, பின் தகட்டைத் திறந்து பல நாள் காய விட்டு, மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகு கரண்ட் கொடுத்தவற்றில் பல ஓடின. பேரிங் மட்டும் சில மாதம் கழித்துச் சத்தம் போட ஆரம்பித்தது, சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் நிற்காது. வாரன்டியில் வெள்ளம் வராது, வாக்குவாதம் செய்து பிரயோசனமில்லை.

மணப்பாடு_மருமகள்:

நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். மாமியார் மணப்பாட்டில் தனியாக இருக்கிறார்கள், வருஷத்தில் பாதி நாள் எங்களோடு சென்னையில். வீடு பூட்டியே கிடக்கும். அவர்களுக்குச் செமி ஆட்டோமேட்டிக் வாங்கித் தரலாமா? பாடி முழுக்கப் பிளாஸ்டிக் என்கிறார்களே.

டெஸ்டர்_கையில்:

தாராளமாக வாங்கலாம். ஒரு ஆளுக்கு அது போதும், வாளியிலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றியும் துவைக்கலாம், பிரித்துப் பார்ப்பதும் சுலபம். பாடி துருப்பிடிக்காது, ஆனால் அடியில் இரண்டு மோட்டாரும் கப்பாசிட்டரும் திறந்தவெளியாக இருக்கும், எலி ஏறும். அடித்தட்டு உள்ள மாடலாகப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டு வெறுமனே ஓட்டி, பைப்பைக் கீழே போட்டுச் சொட்டு விடாமல் வடித்து, மூடி இரண்டையும் திறந்து வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஸ்பின் பக்கம் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் கரண்ட் கொடுக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும். பிரேக் ஷூ துருவில் ஒட்டியிருக்கும், பத்து நிமிஷ வேலைதான்.

மணப்பாடு_மருமகள்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. எலி விஷயம் யாரும் சொல்லவே இல்லை, கடையில் அடித்தட்டு பற்றிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.